தமிழ் யூனிக்கோடு சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ்க் கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றித் தருவது இருபது வருடமாக என் வேலை. பாமினி எழுத்துருவில் அடித்த கோவில் மலர், டாப் எழுத்துருவில் அடித்த ஆய்வேடு, எந்த எழுத்துரு என்றே தெரியாத சிற்றிதழ் என்று எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தமிழும் கணினியும் தெரிந்த நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். யூனிக்கோடு தமிழைச் சிதைத்துவிட்டது என்பார் ஒருவர். அதெல்லாம் பழங்கதை என்பார் இன்னொருவர். கிரந்தத்தைத் திணிக்கிறார்கள் என்று மூன்றாமவர் எழுந்ததும் குரல்கள் உயர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் கேள்விகள் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பதில் சொல்லி வருகிறேன். அதனால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கும் இதில் ஒரு கட்சி உண்டு, அது யூனிக்கோடு பக்கம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் கோபத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்றும் மனதார நம்புகிறேன்.

முதலில், சண்டை எதைப் பற்றி?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பட்டியலுக்குக் குறியேற்றம் என்று பெயர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிக்கோடு பட்டியலில் 12 உயிருக்கும், அகரம் ஏறிய 18 மெய்க்கும், ஆய்தத்துக்கும் தனித்தனி எண் உண்டு. கி, கு, கை எதற்கும் தனி எண் கிடையாது. க என்ற எண்ணையும் கொக்கி என்ற எண்ணையும் அடுத்தடுத்து வைத்தால் கி. க-வுக்குப் பின் புள்ளியை வைத்தால் க்.

அரிச்சுவடியில் 247 எழுத்து இருக்கும்போது பட்டியலில் மட்டும் ஏன் துண்டுதுண்டாக வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பட்டியல்தான் டேஸ்16. சமஸ்கிருதம் எழுதப் புழங்கிய கிரந்த எழுத்தைப் பற்றிய சண்டை இதிலிருந்து முற்றிலும் வேறு. ஆனால் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் பேச்சு தடம் புரள்கிறது.

தமிழை இப்படித் துண்டாக்கியது யார்?

யூனிக்கோடு செய்ததல்ல. இது நம் வீட்டிலிருந்தே போனது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் இஸ்கி என்ற குறியேற்றத்தை இந்திய அரசுத் தரப்பு 1980-களில் உருவாக்கியது. தேவநாகரியில் க எந்த இடத்திலோ, தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் அதே இடத்தில் க. ஓர் எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றலாம் என்பதுதான் நோக்கம். 1991-ல் யூனிக்கோடின் முதல் பதிப்பு வந்தபோது, 1988-ம் ஆண்டு இஸ்கியின் அமைப்பை அப்படியே எடுத்து வைத்தார்கள்.

இதற்கான தடயம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் 128 இடங்கள். அதில் நிரம்பியவை 72. க-வை அடுத்து மூன்று இடம் காலி, அப்புறம்தான் ங. இந்தியில் க-வுக்கு நான்கு வகை உண்டு அல்லவா, மீதி மூன்றுக்கான நாற்காலிகள் அவை. தமிழில் உட்கார ஆளில்லை. பிறர் அளவுக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் எனக்கும் உடன்பாடுதான். இந்திய மொழிகளை எல்லாம் ஒரே அச்சில் வார்க்கலாம் என்று முடிவு செய்த நாளில் தமிழின் தனி இயல்பை யாரும் பொருட்படுத்தவில்லை.

தாய்லாந்தைப் பாருங்கள். அவர்கள் எழுத்தும் நம்முடையதைப் போலப் பழைய பிராமி எழுத்தின் வழியில் வந்ததுதான். ஆனால் அவர்கள் தங்கள் நாட்டுத் தரத்தைக் கையில் வைத்திருந்தார்கள், யூனிக்கோடும் அதைப் பின்பற்றியது. மெய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் உயிர்க்குறியைத் தாய்லாந்து எழுத்தில் முன்னாலேயே சேமிக்கிறார்கள். நம் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது.

மெய்யை அடிப்படையாக வைக்காமல் க-வை அடிப்படையாக வைத்தது இலக்கணப் பிழை இல்லையா?

ஒலியை வைத்துப் பார்த்தால் பிழைதான். க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது. யூனிக்கோடில் க-விலிருந்து அகரத்தைக் கழித்து க் செய்கிறோம்.

எழுதும் முறையை வைத்துப் பார்த்தால் கதை வேறு. மெய்யின் இயற்கை புள்ளியோடு நிற்பது என்றும், புள்ளி நீங்கிய வடிவம் அகரத்தோடு ஒலிக்கும் என்றும் தொல்காப்பியம் நூன்மரபு என்ற முதல் இயலிலேயே சொல்லிவிடுகிறது. கையால் எழுதும்போது நாம் க வரைந்துவிட்டுத்தானே புள்ளி வைக்கிறோம்? யூனிக்கோடு பதிவு செய்வது அந்தக் கையசைவை. எழுத்தைச் சேமிக்கும் ஒரு முறைக்கு அது போதும் என்பது என் கருத்து. ஒலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பவர்கள் தொல்காப்பியத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். இருவரும் ஒரே நூலிலிருந்துதான் பேசுகிறார்கள் என்பது எனக்கு இந்தச் சண்டையில் மிகவும் பிடித்த இடம்.

கொரியாவுக்கு 11,172 இடம் கொடுத்தார்களே, நமக்கு 313 கொடுக்கக் கூடாதா?

என்னிடம் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான வாதமும் இதுதான்.

313 என்ற கணக்கு இது: தமிழ் எழுத்து 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தும் மெய்யாகவும் 12 உயிரோடும் சேர்ந்து 65. ஸ்ரீ ஒன்று. கொரிய எழுத்தும் நம்முடையதைப் போலத்தான், சில அடிப்படைக் குறிகள் சேர்ந்து ஓர் அசை. அந்த அசைகள் 11,172-ஐயும் 1996-ல் வந்த யூனிக்கோடு 2.0 தனித்தனியாக ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தில் 313 என்பது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இடம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தக் கொரியக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. 2.0-க்கு முன்பே 6,656 கொரிய அசைகள் வேறோர் இடத்தில் இருந்தன. அவற்றை அங்கிருந்து தூக்கிப் புது இடத்தில் வைத்தார்கள். பழைய எண்ணில் சேமித்திருந்த கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் அர்த்தம் இழந்தன. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், ஓர் எழுத்துக்கு ஒருமுறை தந்த எண்ணை இனி ஒருபோதும் மாற்றுவதில்லை, எடுப்பதில்லை என்று விதி எழுதினார்கள். கொரியா உள்ளே நுழைந்தபோதே கதவும் மூடிக்கொண்டது.

இன்று 313-ஐயும் கூடுதலாகச் சேர்த்தால் என்ன ஆகும்? கி-யை எழுத இரண்டு வழி வந்துவிடும்: ஒன்று பழைய க-வும் கொக்கியும், மற்றது புதிய ஒற்றை எண். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்க, இயல்பாக்கம் என்று யூனிக்கோடில் ஒரு வேலை இருக்கிறது. அதன் விதிகளும் உறைந்துவிட்டன. புதிதாக வரும் கூட்டெழுத்தை அது மறுபடி துண்டுகளாகத்தான் பிரித்து வைக்கும். அதாவது போராடி வாங்கினாலும் கோப்பில் சேமிக்கும்போது பழையபடி துண்டுதான். 1990-களின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் குரல் அந்த அறையில் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் இனி அதைச் சரிசெய்யும் இடம் அதுவல்ல.

'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் 5 என்கிறதே கணினி?

பைதான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் 5 என்றுதான் வரும்: த, ம, கொக்கி, ழ, புள்ளி. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் முதலில் ஒட்ட இடமில்லாமல் ஒரு புள்ளி, அப்புறம் ழி, ம, த. பள்ளி மாணவர்களுக்கு நிரல் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் ஒரு சிறுமி இதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா சார்?" என்று கேட்டாள். எனக்கு அன்று வருத்தமாக இருந்தது.

அவளிடம் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். கணினி எண்ணுவது எண்களை. எழுத்தை எண்ணச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். ஸ்விஃப்ட் மொழியில் இதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 என்று சரியாகச் சொல்லும், ஏனென்றால் அதை வடிவமைத்தவர்கள் ஒட்டிய குறிகளைச் சேர்த்தே எண்ண முடிவு செய்தார்கள். பைதானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் இருக்கிறது, எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். ஒரே யூனிக்கோடு, ஒன்றில் 5, மற்றதில் 3. அப்படியென்றால் குறை குறியேற்றத்தில் இல்லை, நிரல்மொழியின் வழக்கத்தில் இருக்கிறது.

தமிழுக்கு மட்டும் மும்மடங்கு இடம் பிடிக்கிறதாமே?

இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட்டு. 'தமிழ்' 15 பைட்டு. டேஸ்16-ல் எழுதினால் மூன்றே எழுத்து, அதே வகைச் சேமிப்பில் 9 பைட்டு. வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம் ஒரு நாவலின் மொத்த எழுத்தையும்விட அதிக இடம் பிடிக்கும் காலத்தில், இதை வைத்துக் குறியேற்றத்தையே மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

உண்மையிலேயே அடி விழுந்த ஓரிடம் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. யூனிக்கோடில் அனுப்பினால் 70 துண்டு. 'அம்மா வந்துவிட்டாள்' என்பது இடைவெளியோடு நமக்கு 11, அதன் கணக்கில் 19. காசு கொடுத்துக் குறுஞ்செய்தி அனுப்பிய காலத்தில் தமிழில் அனுப்பியவர்கள் அதிகம் கொடுத்தார்கள். அந்தக் கோபம் சரியான கோபம்.

அகரவரிசை ஏன் தப்பாக வருகிறது?

எண் வரிசையிலேயே அடுக்கினால் அறம், அலை, அழகு, அவல் என்று வரும். நம் வரிசை அலை, அவல், அழகு, அறம். யூனிக்கோடில் ற, ல-வுக்கு முன்னாலும் ன, ப-வுக்கு முன்னாலும் உட்கார்ந்திருப்பதால் வரும் வினை இது, மறுபடியும் அந்த இஸ்கி அச்சு. ஆனால் எந்த மொழியிலும் எண் வரிசையை அகராதி வரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்திலேயே அப்படி அடுக்கினால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் முன்னால் போய்விடும். தமிழுக்கான அடுக்கு விதி தனியாக இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் ஒழுங்காக வரும். கூப்பிடாமல் விட்டவர் நிரலாளர்.

டேஸ்16-ஐத் தமிழ்நாடு அரசே ஏற்றதே?

ஏற்றது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வாரத்தில், யூனிக்கோடும் டேஸ்16-ம் தரம் என்று ஆணை வந்தது. யூனிக்கோடு சரியாக வேலை செய்யாத இடங்களில் டேஸ்16 என்பது ஏற்பாடு. அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால் அது அர்த்தமற்ற முடிவு அல்ல. அச்சகங்கள் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் யூனிக்கோடு தமிழ் வேலை செய்யாது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், ஓர் உரு என்று இருந்தால் எந்தப் பழைய மென்பொருளும் தடுமாறாது. அச்சுக்காரர்கள் கேட்டது அதைத்தான்.

ஆனால் டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிக்கோடின் தனிப்பயன் பகுதியில். யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட 6,400 இடங்கள் அவை. நான் அங்கே வைத்த கி-யை இன்னொருவர் வேறு எதற்காவது வைத்திருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருடத்தில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்கள் யூனிக்கோடு தமிழைக் கற்றுக்கொண்டன. தேவை தீர்ந்துவிட்டது. 2005-ல் டேஸ்16 கேட்டவர்களோடு நானும் நின்றிருப்பேன். இன்று நிற்கமாட்டேன்.

பி.டி.எஃப்.-லிருந்து தமிழை எடுத்து ஒட்டினால் குப்பையாக வருகிறதே, இது யூனிக்கோடின் குறை அல்லவா?

அல்ல. அந்தக் கோப்பு எழுத்தின் உருவத்தை மட்டும் வைத்திருக்கிறது, எண்ணைச் சரியாக வைத்திருக்கவில்லை. பெரும்பாலும் உள்ளே பாமினியோ வேறொரு பழைய எழுத்துருவோ இருக்கும்.

பழைய லை, ணா, றா எல்லாம் யூனிக்கோடால்தான் போனதா?

இல்லவே இல்லை. பெரியார் 1930-களில் குடியரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. அதில் போனவை அவை. யூனிக்கோடில் லை என்பது ல-வும் ஐகாரக் குறியும், அவ்வளவுதான். தும்பிக்கை வைத்துக் காட்டுவதா, சங்கிலிக் கொம்பு போட்டுக் காட்டுவதா என்பது எழுத்துரு செய்பவரின் கையில் இருக்கிறது. பழைய வடிவம் தரும் எழுத்துருக்களை வைத்து நானே நூல்கள் செய்து கொடுத்திருக்கிறேன். உள்ளே ஓர் எண்கூட மாறவில்லை.

அப்படியானால் யூனிக்கோடு தமிழில் உண்மையான சிக்கல் என்ன?

ஔவையார்.

ஒரு சிறிய நூலகத்தின் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். தேடல் பெட்டியில் ஔவையார் என்று அடித்தேன். ஒரு சில நூல்கள் வந்தன. அலமாரியில் அதைவிட அதிகம் இருந்தன. மீதி எங்கே என்று பார்த்தால், அவை ஒ-வை அடித்துப் பக்கத்தில் ள-வை அடித்து உள்ளே போயிருந்தன: ஒளவையார். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. கணினிக்கு ஒள வேறு, ஔ வேறு. தட்டச்சு செய்த அக்காவிடம் கேட்டேன். "தட்டச்சுப் பொறியில் அப்படித்தானே சார் அடிப்போம்" என்றார். முப்பது வருடப் பழக்கம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஔ-வின் பின்பாதியில் இருப்பது ள மாதிரித் தெரிகிறது, ஆனால் ள அல்ல. அதற்கென்று தனியாக ஒரு குறியும் பட்டியலில் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

இன்னும் தோண்டினேன். சில பெயர்களில் காலுக்குப் பதில் ர இருந்தது. கௌ-வுக்குப் பதில் கெள இருந்தது. ஸ்ரீ இரண்டு விதமாக இருந்தது, அதுதான் மிகவும் பொல்லாதது. 2005-ல் ஶ என்ற எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஸ-வில் தொடங்கியும் ஸ்ரீ அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எந்த இயல்பாக்கமும் இரண்டையும் ஒன்றாகக் காணாது. ஶ்ரீரங்கம் என்று தேடினால் ஸ்ரீரங்கம் வராது.

கொ, கோ இரண்டுக்கும் இந்தப் பயம் வேண்டாம். கெ-யும் காலும் சேர்த்து அடித்தாலும், கொ என்று ஒரே குறியாக அடித்தாலும், இரண்டும் ஒன்று என்று யூனிக்கோடு விதியிலேயே எழுதியிருக்கிறது. இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் செய்ய வேண்டும். அந்த நூலகப் பட்டியலைச் செய்தவர் செய்யவில்லை.

மேடையில் 11,172-ஐப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஔ-வைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு மாணவிக்கு ஔவையார் நூல் கிடைக்காமல் போவது இதனால்தான்.

2010-ல் கிரந்தத்தைத் திணிக்கப் பார்த்தார்களா, இல்லையா?

பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம். அந்த ஆண்டில் யூனிக்கோடுக்குப் போன முன்மொழிவு ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, கிரந்த எழுத்துக்குத் தனியாக ஓர் இடம். கிரந்தம் தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் புழங்கிய எழுத்து. பல்லவர் காலம் முதல் கல்லிலும் செம்பிலும் இருக்கிறது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 ஏட்டில் 5 ஏடு சமஸ்கிருதம், கிரந்தத்தில். 16 ஏடு தமிழ், தமிழ் எழுத்தில். இதை உள்ளபடி கணினியில் ஏற்ற வேண்டுமென்றால் கிரந்தத்துக்கு எண் வேண்டும். கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை.

இரண்டாவது, சமஸ்கிருதத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதும் வழக்கம் பற்றியது. சுலோகப் புத்தகங்களில் ஒலி வேறுபாட்டைக் காட்ட க-வின் தோளில் பொடியாக 2, 3, 4 போட்டிருப்பார்களே, ப⁴க³வத் என்று, அதே வழக்கம்தான். அதற்குத் தனி எழுத்துகளாக எண் கேட்டது இந்த முன்மொழிவு.

செய்தியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமிழ் நெடுங்கணக்குக்குள் கிரந்தம் நுழைகிறது என்று கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். தமிழின் காலி நாற்காலிகள் இதற்காகத்தான் வைக்கப்பட்டன என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அது தவறு. அந்தக் காலி இடங்கள் இஸ்கி நாளிலிருந்து இருக்கின்றன. ஆனால் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வடமொழிச் சொல்லும் எழுத்தும் கலந்து மணிப்பிரவாளமாகிப் போன உரைநடையை, தனித்தமிழ் இயக்கம் போராடி மீட்ட நினைவு அது. அதை அறியாமை என்று ஒதுக்கிய கணினிக்காரர்கள்மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எதிர்ப்பாளர்கள் சரியாகப் பிடித்த ஓரிடமும் இருந்தது. கிரந்தப் பகுதியிலேயே எ, ஒ, ழ, ற, ன ஐந்தையும் வைக்கக் கேட்டிருந்தார்கள், கிரந்தத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுத வசதியாக. இந்த ஐந்தும் வடமொழியில் இல்லாத தமிழ் எழுத்துகள். தமிழ்ப் பகுதியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு எண் எதற்கு? 2010 நவம்பரில் முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், முடிவு தள்ளிப்போனது. 2014-ல் யூனிக்கோடு 7.0-ல் கிரந்தம் வந்தபோது அந்த ஐந்து எழுத்தும் அதில் இல்லை. சுலோகப் புத்தக எழுத்துகளுக்கான தனிப் பகுதியும் வரவில்லை. இடையில் எவ்வளவு கூச்சல் இருந்தாலும் இது நல்ல முடிவு. செப்பேடு படிப்பவருக்கு வேண்டியது கிடைத்தது, தமிழ்ப் பகுதி அப்படியே இருக்கிறது. கிரந்தத்துக்குத் தனி எண்ணுருக்கள்கூடத் தரவில்லை, நம் தமிழ் எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ௐ மட்டும் எப்படித் தனி எழுத்தாக உள்ளே வந்தது? இது மதச் சலுகையா?

2008-ல் வந்தது. அச்சிலும் கோவில் சுவரிலும் அந்த ஒற்றை வடிவம் நெடுநாளாகப் புழங்குகிறது, அந்தப் புழக்கம் போதும். அதே வழியில்தான் 2019-ல் முந்திரி, அரைக்காணி போன்ற பழைய பின்னங்களும் அளவைக் குறிகளும் 51 வந்து சேர்ந்தன. கடைக்கணக்குக்கு மதம் ஏது?

ஆய்தத்துக்கு விசர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே?

ஆமாம், அது ஒரு வடமொழி எழுத்துக்குறியின் பெயர், எனக்கும் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். யூனிக்கோடு அட்டவணையில் ஃ-க்கு அதிகாரப்பூர்வப் பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. புள்ளிக்குப் பெயர் விராமம். தமிழில் இல்லாத அனுஸ்வாரம் என்ற மூக்கொலிக் குறிக்கும் ஓர் இடம் இருக்கிறது, பக்கத்திலேயே 'தமிழில் பயன்படுவதில்லை' என்ற குறிப்போடு. இது தெளிவான பிழை.

மாற்றமாட்டார்கள். பெயரையும் மாற்றுவதில்லை என்பது விதி. செங்குத்தாக எழுதும்போது வரும் ஓர் அடைப்புக்குறியின் பெயரில் பிராக்கெட் என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. தங்கள் சொந்த மொழியில் வந்த அந்தப் பிழையையே திருத்தாமல் வைத்திருக்கிறார்கள். ஃ-க்குப் பக்கத்தில் ஆய்தம் என்ற மாற்றுப் பெயரைக் குறித்திருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது நாம் ஆய்தம் என்றே சொல்வோம்.

ஒரு எண் பட்டியலுக்காக ஏன் மதச் சண்டை போல அடித்துக்கொள்கிறார்கள்?

நிரலாளர் உலகில் இது பழைய வியாதி. ஒரு பெரிய எண்ணைத் துண்டுகளாகச் சேமிக்கும்போது பெரிய முனை முதலிலா, சிறிய முனை முதலிலா என்று நடந்த சண்டையைப் பற்றி 1980-ல் கணினி அறிஞர் டேனி கோஹன் எழுதியபோதே அதைப் புனிதப் போர் என்றுதான் அழைத்தார். எந்த முனையாக இருந்தாலும் எல்லோரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அவர் வாதம்.

தமிழில் அது மட்டும் போதாது. நம் ஊரில் எழுத்து என்பது வெறும் கருவி அல்ல. மொழிக்காக உயிர் விட்டவர்களின் பெயரில் தெருக்கள் இருக்கும் மாநிலம் இது. எழுத்தைப் பற்றிய முடிவை யாரையும் கேட்காமல் எங்கோ எடுத்தால் கோபம் வரும், வர வேண்டும். என் வேண்டுகோள் ஒன்றுதான். கோபத்தைச் சரியான வாசலில் கொண்டுபோய் வையுங்கள். காலி நாற்காலிகளுக்கும் விசர்க்கப் பெயருக்கும் 1980-களின் டெல்லி. நீளம் 5-க்கு நிரல்மொழி. பி.டி.எஃப். குப்பைக்குப் பழைய எழுத்துரு. ஔவையாருக்கு நாம்தான், தட்டச்சு செய்பவரும் நிரல் எழுதுபவரும்.

அமெரிக்காவில் இருக்கும் ஓர் அமைப்பு நம் எழுத்தை முடிவு செய்வதா?

யூனிக்கோடு கலிபோர்னியாவில் இருக்கும் இலாப நோக்கற்ற கூட்டமைப்பு. பெரிய கணினி நிறுவனங்களின் குரல் அங்கே பலமாகவே ஒலிக்கும். ஆனால் அதே பட்டியல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வழியாகவும் போகிறது, அங்கே நாடுகள் வாக்களிக்கின்றன. முன்மொழிவு எழுத யாருக்கும் தடையில்லை. அந்த 51 பின்னங்களும் குறிகளும் அப்படி எழுதிக் கொடுத்து வந்தவைதான். சான்றோடு கூடிய ஒரு கோப்பு அங்கே போய்ச் சேரும். மேடைப் பேச்சு போய்ச் சேராது.

நான் நிரல் எழுதுகிறவன். நான் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே வரும் எல்லாத் தமிழையும் முதலில் இயல்பாக்கம் செய்யுங்கள். எழுத்தை எண்ணுவதற்கும் வெட்டுவதற்கும் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் நிரலகத்தைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் வரி முடிவில் கொம்பு தனியாகத் தொங்கும். அடுக்குவதற்குத் தமிழ் அடுக்கு விதியைக் கூப்பிடுங்கள். தேடலில் ஒள-வையும் ஔ-வையும், இரண்டு ஸ்ரீ-யையும் ஒன்றாகப் பாவிக்க ஒரு சிறு அட்டவணை எழுதுங்கள். ஆனால் ஒளி, ஒள்ளிய மாதிரியான இடங்களில் ஒள-வை ஔ ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி என்பது ஔ-வும் கொக்கியும் அல்ல. ஒருமுறை அவசரத்தில் மொத்தமாக மாற்றிவிட்டு, ஒரு கவிதைத் தொகுப்பின் ஒளியை எல்லாம் நானே கெடுத்திருக்கிறேன். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தேடல் பெட்டியில் ஔவையார், ஸ்ரீரங்கம், கொக்கு மூன்றையும் இரண்டிரண்டு விதமாக அடித்துப் பாருங்கள். மூன்றும் இரண்டு முறையும் ஒரே விடையைத் தந்தால்தான் நான் வேலை முடிந்தது என்று கோப்பைத் திருப்பிக் கொடுப்பேன்.